வனத்திலும் விருந்து

ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நாற்பது ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்திவரும் என் பால்ய நண்பர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களுக்கெல்லாம் எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, அதனோடு ஓர் அட்டவணையையும் வைத்து அனுப்பியிருந்தார். பொறியியல் கற்றவர், எந்த விஷயத்தையும் கட்டம் போட்டுப் பார்த்தாலொழிய அவருக்கு மனம் தெளியாது. இடப்பக்கத்தில் ஊர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன: ஃபுளோரிடாவில் ஓர் இடம், நியூயார்க் நகரத்துக் குவீன்ஸ், கலிபோர்னியாவில் மகள் இருக்கும் பக்கம், நம் கோயமுத்தூர், கடைசியாக அவர்கள் இப்போது வாசம் செய்யும் ஊர். மேல்வரிசையில் குளிர், வைத்தியம், வீட்டு வரி, கோயில் எத்தனை மைல், நம்மவர் எத்தனை குடும்பம் என்று தலைப்புகள் ஓடின. ஒரு கட்டத்தின் தலையில் 'பயம்' என்ற ஒற்றைச் சொல் மாத்திரம் இருந்தது. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'வரவேற்பு'; அதன் கீழே ஐந்து ஊர்களில் ஒன்றுக்கு நேராகவும் எதுவும் எழுதப்படவில்லை.

"வயதான ஓர் ஆசியத் தம்பதி போய் இறங்கினால் முகம் கோணாமல் ஏற்றுக்கொள்ளும் ஊர் எது? நீ சாஸ்திரங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவன், உனக்கு ஏதாவது தோன்றுகிறதா பார்" என்று கடிதம் முடிந்திருந்தது. அட்டவணையின் அடியிலோ, பென்சிலால், அவருடைய மனைவியின் கையெழுத்தில் வேறொரு வரி: "அண்ணா, அங்கே நம் வீட்டுக்கு யார் வருவார்கள் என்று ஒரு கட்டம் போடச் சொன்னேன். தாளில் இடம் இல்லை என்கிறார்."

இவ்விரண்டு கேள்விகளையும் பல நாள் மனத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே கவலையின் இரண்டு பக்கங்கள் போலத் தோன்றும். ஆனால் நம்மை யார் ஏற்பார்கள் என்று கேட்பவர் தம்மை விருந்தாளியின் ஸ்தானத்தில் வைத்துக்கொள்கிறார். நம்மிடம் யார் வருவார்கள் என்று கேட்பவரோ, இன்னும் கண்ணால் காணாத ஊரில்கூட, தம்மை வீட்டுக்கு உடையவராகவே எண்ணிக்கொள்கிறார். முதுமையில் ஊர் தேடும் ஒருவர் எந்த ஸ்தானத்தில் நின்றுகொண்டு தேடவேண்டும் என்பதே இங்கே விசாரத்துக்கு உரிய விஷயம் என்று எனக்குப் பட்டது.

ஆசியாவில் இருக்கும்வரை எவரும் தம்மை ஆசியர் என்று எண்ணிக்கொள்வதில்லை. என் நண்பர் கும்பகோணத்தில் இன்ன தெருக்காரராக இருந்தார். சென்னைக்குப் படிக்கப் போனபோது தஞ்சாவூர் ஜில்லாக்காரரானார். பம்பாயில் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளில் மதராசியானார். 1983இல் அமெரிக்க மண்ணில் இறங்கிய அன்று, ஜப்பானியரோடும் சீனரோடும் பிலிப்பினோக்களோடும் ஒரே பெட்டிக்குள் வைக்கப்பட்டு ஆசியரானார். ஊரைவிட்டு விலக விலகப் பெயர் பெரிதாகிக்கொண்டே போயிற்று. பெயருக்குள் இருந்த மனிதர் சிறுத்துக்கொண்டே போனார். ஆயினும் அந்தப் பெயர் வெறும் கற்பனையென்று தள்ளிவிடவும் முடியாது. ஒருவரையொருவர் அறியாத இத்தனை ஜனங்களையும் அந்தத் தேசத்துச் சட்டம் ஒரு காலத்தில் ஒரே கோலால் அளந்து வெளியே நிறுத்திற்று. ஒன்றாக விலக்கப்பட்டவர்கள் ஒன்றாக எண்ணப்படுவதற்கு அதுவே போதுமான காரணமாயிற்று.

1882இல் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்கச் சட்டம் வந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கச் சேனையில் சேர்ந்து பணியாற்றிய பகத்சிங் திண்ட் என்ற சீக்கியர் குடியுரிமை கேட்டு நடத்திய வழக்கில், சட்டத்திலுள்ள 'வெள்ளையர்' என்ற சொல்லுக்குச் சாமானிய ஜனங்கள் கொள்ளும் பொருளே பொருள், அந்தப் பொருளில் இந்தியர் அடங்கார் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த உத்தரவின் விளைவாக, மேற்குக் கரையில் இருந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சத்தவர், அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த பிரஜைகளாயிருந்தும், முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதற்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு எஞ்சியவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுப்பதென்று சட்டம் செய்ய 1988 ஆகவேண்டியிருந்தது. 1946இல் ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்று கதவு ஒருவிரற்கடை திறந்தது. அது அகலத் திறந்தது, 1965 அக்டோபரில், சுதந்திர தேவியின் சிலையடியில் அமர்ந்து அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால்தான்.

இவற்றுள் முதுமையைப் பற்றியே பேசும் சரித்திரம் பிலிப்பினோக்களுடையது. இளைஞர்களாக வந்து கலிபோர்னியாவின் தோட்டங்களிலும் வயல்களிலும் உழைத்த அவர்கள், தங்கள் தேசத்துப் பெண்கள் அங்கே வெகு சிலரே இருந்தமையாலும், வெள்ளைக்காரப் பெண்களை மணக்கச் சட்டம் இடந்தராமையாலும், தனியர்களாகவே நரைத்தார்கள். 1965இல் டெலானோ என்ற ஊரில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் இந்தக் கிழவர்களே. கொட்டகைகளில் படுத்து வாழ்நாளைக் கழித்தவர்களுக்குக் கடைசிக் காலத்தில் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டுமென்று, தொழிலாளர் சங்கமும் பல ஊர்களிலிருந்து வந்த தொண்டர்களும் தங்கள் கையாலேயே கட்டி 1974இல் திறந்த அக்பயானி கிராமம் என்னும் குடியிருப்பு அங்கே இன்னும் நிற்கிறது. மறியலின்போது உயிர்நீத்த ஒரு தொழிலாளியின் பெயர் அதற்கு. தங்களை வரவேற்கும் ஊர் எதுவும் இல்லாதவர்களுக்காக வேறு யாரோ செங்கல் சுமந்து ஓர் ஊரைச் செய்து கொடுத்தார்கள் என்ற செய்தியை நான் ஒருபுறம் குறித்துவைத்துக்கொண்டேன்.

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்லலாமென்றால், 2012இல் விஸ்கான்சினில் ஒரு குருத்வாராவுக்குள் புகுந்து ஒருவன் சுட்டதும், பெருந்தொற்றுக் காலத்தில் தெருவில் நடந்த ஆசிய முதியவர்கள் பிடித்துத் தள்ளப்பட்டதும், 2021 மார்ச்சில் அட்லாண்டா நகரத்தையொட்டி எட்டுப் பேர் கொல்லப்பட, அவர்களில் அறுவர் ஆசியப் பெண்களாயிருந்ததும் குறுக்கே வந்து நிற்கின்றன. ஆகவே நண்பருடைய அட்டவணையில் 'பயம்' என்ற கட்டம் கோழைத்தனத்தின் அடையாளமன்று. வேதாந்தம் பேசி அதை அழித்துவிட எனக்கு உரிமையும் இல்லை. உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதும் தர்மத்தின் முதற்படியே என்று நம் பெரியோர் கருதினார்கள்.

சட்டம் இப்போது திருந்தியிருக்கிறது. 1968 ஏப்ரலில் நிறைவேறிய வீட்டுரிமைச் சட்டத்தின்படி, இனத்தையோ நிறத்தையோ மதத்தையோ பிறந்த தேசத்தையோ காரணமாகக் காட்டி ஒருவருக்கு வீடு மறுப்பது அமெரிக்காவில் சட்டவிரோதம். ஆனால் சட்டம் கொடுப்பது வீட்டின் சாவியை. அண்டை வீட்டாரின் முகத்தை எந்தச் சட்டத்தால் மலர்த்த முடியும்? மகாபாரதத்தில் யுத்தம் முடிந்தபிறகு, புத்திரர் நூற்றுவரையும் இழந்த திருதராஷ்டிரன் தருமபுத்திரனுடைய ஆதரவில் பதினைந்து ஆண்டுகள் அரண்மனையிலேயே வாழ்ந்தான். பெரியப்பாவின் மனம் எள்ளளவும் நோகக்கூடாது என்பது அரசனுடைய ஆக்ஞை. உணவிலும் உடையிலும் தானத்துக்கு வேண்டிய பொருளிலும் யாதொரு குறையும் இல்லை. ஆயினும் பீமன் மாத்திரம், அண்ணன் செவியில் படாமல், கிழவன் செவியில் படும்படியாக, உன் மக்களைக் கொன்ற தோள்கள் இவைதாம் என்று தட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். திருதராஷ்டிரன் வனத்துக்குப் புறப்பட்டதற்கு வைராக்கியம் ஒரு காரணமென்றால், பீமனுடைய நாவு மற்றொரு காரணம். திருதராஷ்டிரன் பாவம் செய்தவன். என் நண்பரோ யாருக்கும் ஒரு தீங்கும் இழைக்காமல் பாலங்கள் கட்டினவர். எனினும் அந்த அரண்மனையின் அமைப்பை நான் அமெரிக்காவில் காண்கிறேன்: நீதிமன்றத்தில் யுதிஷ்டிரன் வீற்றிருக்கிறான், கடைத்தெருவில் எந்த மூலையில் பீமன் நிற்பானென்று தெரிவதில்லை.

இந்த நிலையில் முதியவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் வழி, நம்மவர் நிறைந்த இடத்துக்குப் போய்விடுவது. மத்திய ஃபுளோரிடாவில் டவாரெஸ் என்ற ஊரில், இந்திய முதியோரை எண்ணியே கட்டப்பட்ட சாந்திநிகேதன் என்ற குடியிருப்பு இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்க்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடந்தருகிறது; இந்தியருக்கு மட்டும் என்று எழுதிவைக்க இடந்தருவதில்லை. ஆகவே அப்படிப்பட்ட இடங்களில் இந்தியரைக் கூட்டிச் சேர்ப்பது விதியன்று, சாம்பார். வாசலில் பலகை வேண்டியதில்லை, தாளித்த வாசனையே போதும். இதை எளிதாகப் பரிகசித்துவிடலாகாது. வயது முதிர்ந்து நினைவு தடுமாறும் காலத்தில், பின்னால் கற்ற பாஷை முன்னால் உதிர்ந்துபோய், தாய்மொழியே நாவில் எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. நாற்பது ஆண்டு ஆங்கிலத்தில் அதிகாரம் செலுத்தியவர், ஒருநாள் படுக்கையில் கிடந்து "கொஞ்சம் கஞ்சி" என்று கேட்பார். அந்த இரண்டு சொற்களும் புரிந்த ஒருவர் அருகில் இருப்பது அவ்வேளையில் எந்த வைத்தியத்துக்கும் குறைந்ததன்று. ஆனால் ஒத்திருப்பது வேறு, வரவேற்பது வேறு. ஒரே சாம்பாரை உண்பவர்களுக்குள்ளே ஜாதியும் மொழியும் மருமகன் உத்தியோகமும் எத்தனை சுவர்களை எழுப்ப வல்லவை என்பதைக் கும்பகோணத்துத் தெருக்களில் வளர்ந்தவருக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

தாய்நாடு திரும்புவது இரண்டாவது வழி. கோயமுத்தூரைச் சுற்றி முதியோருக்கான குடியிருப்புகள் அநேகம். பேரூர்ப் பக்கத்துக் காற்றும் மலையும் வெளிநாட்டில் உழைத்து அலுத்தவர்களை இழுக்கத்தான் செய்கின்றன. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் இங்கே வரும்போது கடல்கடந்த இந்தியர் என்ற அட்டையோடு வருகிறார். காலமெல்லாம் தங்கலாம், வாக்களிக்க முடியாது, விளைநிலம் வாங்க முடியாது. அறுபத்தைந்து வயதில் அங்கே கிடைக்கும் மெடிகேர் வைத்தியக் காப்பு பொதுவாக அந்நாட்டின் எல்லைக்கு வெளியே செல்லுபடியாகாது. இவற்றையெல்லாம் பணத்தால் சமாளித்தாலும், 1983இல் விட்டுப்போன ஊர் அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்கவில்லை. அங்கே ஆசியராய் இருந்தவர் இங்கே 'அமெரிக்காக்காரர்' ஆகிவிடுகிறார். இரண்டு தேசத்திலும் விருந்தாளி. எந்த தேசத்திலும் இலை போடுகிறவர் அல்லர்.

இருந்த ஊரிலேயே இருந்துவிடுவது மூன்றாவது வழி. அதற்கு எதிராக நண்பர் எழுதியிருந்த காரணங்கள் நேர்மையானவை: பனிக்காலத்தில் வாசலில் குவியும் பனியை வாரித் தள்ள முதுகு இடங்கொடுப்பதில்லை, பிள்ளைகள் இருவரும் வெகு தூரம், பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலுக்கு மூன்று மணி நேரப் பிரயாணம், இனி இரவில் வண்டி ஓட்டக் கண் ஒத்துழைக்காது. அந்த ஊர் அவரை வரவேற்றதா என்று அவருக்கே நிச்சயமில்லை. வெறுத்ததில்லை, பழகிக்கொண்டது.

சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தார். நான்கு ஆசிரமங்களில் மூன்றாவதான வானப்பிரஸ்தம்தான் நம் முன்னோர் அறிந்த ஓய்வுக்காலம். தோல் சுருங்கி, மயிர் நரைத்து, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததையும் கண்டபின் கிருகஸ்தன் வனம் புகலாம் என்று மனு தர்மம் விதிக்கிறது. வனத்தை ஏன் சொன்னார்கள்? அது வரவேற்பதும் இல்லை, விலக்குவதும் இல்லை. அங்கே எந்த மரமும் வந்தவனுடைய நிறத்தைக் கேட்பதில்லை. மனிதர் முகத்தை எதிர்பார்த்து வாழும் வழக்கத்திலிருந்து மனத்தை விடுவிப்பதற்கே அந்த ஏற்பாடு என்று நான் நெடுநாளாக எண்ணியிருந்தேன். இந்தக் கடிதத்தை முன்னிட்டு அந்தப் பகுதியை மறுபடி படித்தபோது, இத்தனை காலம் கண்ணில் படாத ஒரு விதி கண்ணில் பட்டது. ஊர்ச் சோற்றை விடலாம், வீட்டை விடலாம், உடைமைகளை எல்லாம் துறக்கலாம், மனைவியைக்கூடப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆசிரமத்துக்கு வந்தவரை நீரும் கிழங்கும் பழமும் கொடுத்து உபசரிக்கும் கடமையை விடக்கூடாது. அதாவது, விருந்தோம்பல் கிருகத்தோடு கழிவதன்று. கிருகம் கழிந்த பிறகும் அது மனிதனோடு வனத்துக்கு நடந்து வருகிறது. கூரையில்லாதவனும் விருந்தளிப்பவனாக இருக்கவேண்டும் என்பது அதன் தாத்பரியம்.

இந்த நூலை நான் குறைகளோடுதான் மேற்கோளாக எடுக்கிறேன். வருணப் பாகுபாட்டில் தோய்ந்த நூல் அது. வனத்துக்கு வர விருப்பமா என்று மனைவியை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லாத நூலும் அதுவே. அந்தக் குறையை உபநிஷதத்து மைத்ரேயி நிறைவு செய்கிறாள். யாக்ஞவல்கியர் வீட்டைத் துறந்து புறப்படும் வேளையில், இரண்டு மனைவியருக்கும் பொருளைப் பங்கிட்டு விடுகிறேன் என்று கணக்கோடு வந்து நிற்கிறார். இந்தப் பூமி முழுவதும் பொன்னாக நிறைந்து என்னுடையதானாலும் அதனால் நான் மரணத்தைக் கடப்பேனோ என்று மைத்ரேயி கேட்டதும், அவருடைய கணக்கு ஒருபுறம் கிடக்க, பேச்சு முற்றும் வேறு திசையில் போகிறது. வாழ்க்கையின் கடைசித் திருப்பத்தில் கணவர் கொண்டுவந்த கணக்கில் விடுபட்ட கேள்வியைக் கேட்பது மனைவியாயிருப்பது மிகப் பழைய வழக்கம்போலும். ஒஹாயோவிலிருந்து வந்த பென்சில் வரியை நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

அந்த வரிக்குப் பாஷ்யம்போல் அமைந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கை அமெரிக்க மண்ணிலேயே இருக்கிறது. கலா பகாய் என்ற பஞ்சாபிப் பெண்மணி, 1915இல் கணவர் வைஷ்ணோ தாஸ் பகாயோடும் மூன்று புதல்வர்களோடும் சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார். பெர்க்லி நகரத்தில் ஒரு வீட்டை விலைகொடுத்து வாங்கி, சாமான்களோடு குடியேறப் போன அன்று, அண்டை அயலார் அந்த வீட்டைப் பூட்டிவைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட அண்டையில் என் பிள்ளைகளை வளர்க்கமாட்டேன் என்று அந்த அம்மையார் மறுத்துவிடவே, குடும்பம் திரும்பிவிட்டது. 1921இல் குடியுரிமை பெற்ற கணவர், திண்ட் வழக்கின் தீர்ப்புக்குப் பின் அதை இழந்தார். அதோடு உடைமையும் மதிப்பும் சரியக் கண்டு 1928இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆங்கிலம் அதிகம் அறியாத விதவையாக நின்ற கலா பகாய், புதல்வர்களைப் படிக்கவைத்து, பிற்காலத்தில் தென் கலிபோர்னியாவில் வசித்தபோது புதிதாக வந்து இறங்கும் இந்தியர்களுக்கெல்லாம் தம் வீட்டைத் திறந்துவைத்து, அவர்களால் 'இந்தியத் தாய்' என்று அழைக்கப்பட்டார். எந்த ஊர் அவரை வரவேற்றது என்று கேட்டால் விடை கிடைப்பது கடினம். அவர் யாரை வரவேற்றார் என்று கேட்டால் விடைக்கு ஒரு சமூகமே எழுந்து நிற்கும். அவர் மறைந்தது 1983இல். என் நண்பர் அமெரிக்காவில் கால்வைத்த அதே ஆண்டு. 2020இல், வீட்டைப் பூட்டிய அதே பெர்க்லியின் நகரசபை, ஊர் நடுவே ஒரு தெருவுக்குக் கலா பகாயின் பெயரைச் சூட்டிற்று.

தெருக்களைப் பற்றிய பேச்சு வந்தமையால், அட்டவணையிலுள்ள குவீன்ஸில் ஒரு தெருவையும் சொல்லவேண்டும். அங்கே ஃபிளஷிங் என்ற பகுதி 1657இல் டச்சுக்காரர் ஆளுகையில் இருந்த சிறு குடியேற்றம். குவேக்கர் மதத்தாருக்கு எவரும் இடங்கொடுக்கலாகாது என்று ஆளுநர் ஸ்டைவெசண்ட் கட்டளையிட, அவ்வூரார் முப்பது பேர், தாங்கள் குவேக்கராக இல்லாதபோதிலும், வந்தவருக்குக் கதவடைக்க எங்கள் மனச்சாட்சி ஒப்பவில்லை என்று விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்ட அதிகாரிகள் சிறைப்பட்டார்கள். சில ஆண்டுகளில் ஜான் பவுன் என்பவர் தம் வீட்டிலேயே குவேக்கர்களைக் கூடி வழிபடச் செய்து, பிடிபட்டு, நாடு கடத்தப்பட்டு, ஆம்ஸ்டர்டாமுக்கே போய் வழக்காடி வென்று திரும்பினார். அவருடைய வீடு பவுன் தெருவில் இன்றும் நிற்கிறது. அதே தெருவில்தான், கானாடுகாத்தானில் பிறந்து ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பனும் அவர் நண்பர்களும் முயன்று எழுப்பிய மகாவல்லப கணபதி கோயிலுக்கு 1977 ஜூலை 4ஆம் நாள் கும்பாபிஷேகம் நடந்தது. கீழ்த்தளத்து உணவகத்தில் தோசைக்கு நிற்பவர்களில் சரிபாதி கோயிலுக்கே வராதவர்கள் என்று நண்பர் ஒருமுறை எழுதியதுண்டு. பிள்ளையாருக்கு இடம் வேண்டியிருக்குமென்று பவுன் கனவிலும் கண்டிருக்கமாட்டார்; யாருக்கென்று தெரியாமலே அவர் வைத்துவிட்டுப் போன இடம் முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒருவருக்குப் பயன்பட்டது. டெலானோவில் செங்கல் சுமந்தவர்களும் செய்தது இதைத்தான். வரவேற்பு என்பது வந்தபிறகு காட்டும் புன்னகை மாத்திரமன்று. வருமுன்னே ஒதுக்கிவைத்த இடம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. விலக்கப்படும் அபாயத்தில் இருப்பவர்களைப் பார்த்து, நீங்கள் போய் மற்றவர்களை வரவேற்றுக்கொண்டிருங்கள் என்பது, அடிபட்டவனுக்கே அபராதம் விதிப்பதுபோல் ஆகாதா? ஆகும், அதைக் கடமையென்று பிறர் சுமத்தினால். கதவைப் பூட்டிய பெர்க்லிக்காரர்கள் கலா பகாய்க்கு விருந்தோம்பலை உபதேசித்திருந்தால் அது கொடுமையின்மேல் கொடுமை. பூட்டு அவர்களுடைய பாவம். அதற்குரிய பிராயச்சித்தமும் அவர்களுடையது, அவர்கள் சந்ததியினர் தெருப்பெயரில் அதை ஒருவாறு தொடங்கியிருக்கிறார்கள். நான் சொல்வது வேறு. பிறர் முகத்தை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பவரின் சாந்தி பிறர் கையில் இருக்கிறது; முகங்கள் காலத்தால் மாறும், தேர்தலால்கூட மாறும். தம் கையால் இலை போடத் தொடங்கியவருக்கோ, பயம் போகாவிட்டாலும், பயத்துக்குப் பக்கத்தில் செய்வதற்கு ஒரு காரியம் கிடைத்துவிடுகிறது. தமிழில் விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்பது பழம்பொருள். புதியவராக வந்தவர் என்றைக்கும் புதியவராகவே இருக்கவேண்டியதில்லை; தமக்குப் பின் வரும் புதியவரை எதிர்கொள்ளும் நாளில் அவர் பழையவராகிறார்.

சங்கப் புலவர் பிசிராந்தையாருடைய சரிதம் இங்கே எனக்கு நினைவு வருகிறது. ஆண்டு பல சென்றும் உமக்கு நரை தோன்றாதது எங்ஙனம் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணங்களைப் புறநானூறு பாதுகாத்து வைத்திருக்கிறது: மாட்சிமையுள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், அவர் கருத்தையே தம் கருத்தாகக் கொண்ட ஏவலர், அல்லாதன செய்யாத அரசன், இவற்றுக்கெல்லாம் மேலாக, தாம் வாழும் ஊரில் அடக்கமும் கல்வியும் உடைய சான்றோர் பலர். என் நண்பருடைய அட்டவணையை வைத்துப் பார்த்தால் எல்லாக் கட்டமும் நிறைந்த ஊர் அது. அத்தகைய ஊரையே அவர் விட்டுப் புறப்பட்டார். தன் புதல்வர்களோடு மாறுபட்டு, உண்ணாதிருந்து உயிர்விட வடக்கிருக்கத் துணிந்த கோப்பெருஞ்சோழன், முன்பின் நேரில் கண்டிராத பிசிராந்தையார் வருவாரென்று உறுதியாகச் சொல்லி, தன் அருகே அவருக்கு இடம் ஒதுக்கிவைக்கும்படி கூறினான். சூழ்ந்திருந்தோர் ஐயுற்றார்கள். பாண்டிய நாட்டிலிருந்து அவரும் வந்து, ஒதுக்கிய இடத்தில் அமர்ந்தார். குறையற்ற ஊரைக் காட்டிலும், தமக்கென ஒருவன் காத்துவைத்த ஒரு முழ மண் அவரை அதிகமாக இழுத்தது. மரணத்தை நோக்கி உட்கார்ந்திருந்தவன்கூட விருந்தாளிக்கு இடம் வைக்கத் தவறவில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

இவ்வளவையும் நான் நண்பருக்கு எழுதவில்லை. குளிரும் வரியும் வைத்தியமும் அவருக்கே நன்றாகத் தெரியும். கடைசிக் கட்டத்தின் தலைப்பை மாத்திரம் மாற்றி, அவர் மனைவி கேட்ட கேள்வியை அங்கே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். கூடவே, அவர்கள் வீட்டு நவராத்திரி இப்போது எப்படி நடக்கிறதென்றும் விசாரித்தேன். அந்த அம்மாள் 1985இல் கலியாணமாகிப் போன முதல் ஆண்டு, அட்டைப் பெட்டிகளை மூன்று படியாக அடுக்கி, வெள்ளை வேட்டியை விரித்து, ஒன்பது பொம்மைகளோடு கொலு வைத்ததும், தாயார் கொடுத்தனுப்பிய பித்தளைப் படியால் அளந்து அரைப்படி கொண்டைக்கடலை ஊறவைத்ததும், ஒன்பது நாளும் சேர்ந்து அந்தக் கொலுவுக்கு வந்தவர், என்ன வாசனை என்று கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்த அடுத்த வீட்டுக் கிழவி ஒருத்தியே என்பதும் நான் அந்நாளைய கடிதத்தில் படித்த செய்திகள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அட்டவணையின் வலப்புறத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி அகலப்படுத்தியிருந்தார்கள். புதிய கட்டத்தின் தலைப்பில், பென்சிலில், 'கடலை' என்று எழுதியிருந்தது. ஒஹாயோவுக்கு நேரே, 'மூன்று படி. போன வருஷம் பற்றவில்லை' என்று அந்த அம்மாளின் எழுத்து. மற்ற நான்கு ஊர்களுக்கு நேராகவும், பொறியாளரின் ஒழுங்கான எழுத்தில், ஒரே அளவு எழுதப்பட்டிருந்தது: அரைப்படி.